ஸாண்டோஸ் டூமாண்ட்: வீட்டு வாயிலில் நின்ற ஆகாயக் கப்பல்

குதிரை உடையவன் அதனைத் தன் வாயிலில் கட்டுகிறான். வண்டி உடையவன் தன் தெருவில் அவிழ்த்துப் போடுகிறான். மோட்டார் உடையவன் திண்ணைக்கெதிரே நிறுத்துகிறான். வேண்டும்பொழுது ஏறி, வேண்டிய இடம் சென்று, மீண்டு வந்து வீட்டெதிரில் நிறுத்தத்தக்கதே வாகனம் எனப்படும். ஆகாய விமானமோ இவ்வகையில் சேர்ந்ததன்று. அது பெரும்பாலும் கம்பெனிக்கு உரியதாகவோ சர்க்காரின் சேனைக்கு உரியதாகவோ இருக்கிறது. நம்மிற் பலர் டிக்கெட்டு வாங்கி அதில் ஏறலாம்; அதனை உடையவராதல் பெருஞ்செல்வர்க்கும், பறத்தலையே பொழுதுபோக்காகக் கொண்ட சிலருக்குமே வாய்த்திருக்கிறது. இந்நிலை இப்படித்தான் ஆகியிருக்க வேண்டுமா? வேறு விதமாக ஆகியிருக்கலாகாதா?

இக்கேள்வி எழும்போதெல்லாம் ஒருவருடைய வரலாறு நம் நினைவிற்கு வருகிறது. 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர் பாரிஸ் மாநகரத்தின் மிகப் பெரிய வீதியில், தம் வீட்டு வாயிலிலேயே தம் ஆகாயக் கப்பலை இறக்கி நிறுத்தினார்; மாடிக்குச் சென்று காப்பி அருந்தினார்; மறுபடியும் அதிலேறிப் போய்விட்டார். அவரே பிரேஸில் தேசத்து ஆல்பெர்ட்டோ ஸாண்டோஸ் டூமாண்ட். அவர் வாழ்க்கை களிப்போடு தொடங்கிப் பெருந்துயரில் முடிந்தது. அதன் காரணத்தை ஆராய்தல் பொதுவாழ்வில் ஈடுபட்டோர்க்குப் பயன்படும் என்பது நமது துணிபு.

டூமாண்ட் 1873-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி பிரேஸிலின் மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் ஹென்ரிக் டூமாண்ட் பிரெஞ்சு வமிசத்தினர். யந்திர சாஸ்திரம் கற்றவர். ஸாவோ பாவ்லோ மாகாணத்தில் காப்பித் தோட்டம் அமைத்துப் பெரும்பொருள் ஈட்டினார். தோட்டத்தினுள்ளேயே அவருக்குச் சொந்தமான ரயில் பாதை ஓடிற்று. பன்னிரண்டு வயதிலேயே மைந்தன் ரயில் இஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டான். காப்பிக் கொட்டையைச் சுத்தம் செய்யும் ஆலையில், முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள் அடிக்கடி பழுதாவதையும், சுழலும் உறுப்புக்கள் பழுதின்றி உழைப்பதையும் கூர்ந்து நோக்கினான். இந்த அநுபவம் பிற்காலத்தில் சுழல் விசிறியையும் இஞ்சினையும் பற்றி அவர் செய்த முடிவுகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அந்நாட்டுச் சிறுவர்கள் ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவன் பிராணிகளின் பெயரை வரிசையாகச் சொல்லி, அது பறக்குமா என்று கேட்பான். பறப்பதாயின் மற்றவர் விரலை உயர்த்த வேண்டும். பறக்காததற்கு விரல் உயர்த்தியவன் தண்டம் கொடுக்க வேண்டும். மனிதன் பறப்பானா என்று கேட்டபோதெல்லாம் இச்சிறுவன் மட்டும் விரலை உயர்த்துவான்; தண்டம் கொடுக்கவும் மறுப்பான். தோழர்கள் நகைத்தார்கள். அந்நகைப்பை அவர் பல ஆண்டு கழித்தும் மறக்கவில்லை.

தந்தையார் ஒரு விபத்தில் அடிபட்டு உடலின் ஒரு பக்கம் செயலற்றவரானார். தோட்டத்தை விற்றுவிட்டு, சிகிச்சையின் பொருட்டு 1891-இல் குடும்பத்தோடு பாரிஸ் சென்றார். மறு ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பிய மகனைச் சட்டப்படி முழு உரிமை பெற்றவனாக்கி, அவனுக்குரிய செல்வத்தையும் கையில் ஒப்புவித்தார். பட்டத்திற்காகப் படிக்க வேண்டாம். பிழைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பௌதிகம், ரசாயனம், மின்சாரம், யந்திர சாஸ்திரம் ஆகியவற்றைக் கற்றுக்கொள். உலகத்தின் எதிர்காலம் யந்திரத்தில் இருக்கிறது என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம். அவ்வாண்டிலேயே அவர் காலமானார். செல்வமும் சுதந்திரமும் ஒருங்கே கைவந்த இளைஞர்கள் பாரிஸில் பலர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அவற்றை எங்கே செலவிட்டனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. டூமாண்ட் பட்டறையில் செலவிட்டார்.

1898-ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாகப் பலூனில் ஏறினார். அதே ஆண்டு ஜூலையில் தமக்கென்று ஒரு பலூன் செய்வித்து, அதற்குப் பிரேஸில் என்றே பெயரிட்டார். மிக மெல்லிய ஜப்பானியப் பட்டினாலான அதன் கொள்ளளவு 113 கன மீட்டரே. இத்தனை சிறிய பலூனால் ஆளைத் தூக்க முடியாதென்று செய்பவர்களே தடுத்தனர். அவர் கேட்கவில்லை. பறந்து முடித்ததும் அப்பலூனைச் சுருட்டிக் கைப்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாயிற்று. பறக்கும் யந்திரம் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அவனே எடுத்தாளத்தக்க அளவினதாக இருக்க வேண்டும் என்னும் கொள்கை அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

பலூன் காற்றின் போக்கிலே போவது. போகுமிடம் நம் வசத்தில் இல்லை. ஆகவே அவர் அதனை நீண்ட சுருட்டு வடிவமாக்கி, இஞ்சினும் சுக்கானும் பொருத்தத் துணிந்தார். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவின் கீழே தீ கக்கும் பெட்ரோல் இஞ்சினைத் தொங்கவிடுவது பைத்தியக்காரத்தனம் என்றனர் பலர். அவர் தமது மோட்டார் டிரைசைக்கிளை மரக்கிளையில் கயிறுகளால் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்து, அந்தரத்தில் அதன் அதிர்ச்சி குறைவே என்று கண்டறிந்த பின்னரே காரியத்தில் இறங்கினார். 1898 செப்டம்பரில் முதல் ஆகாயக் கப்பல் எழும்பியது. திரும்புகையில் அதன் பை நடுவே மடிந்து கீழே விழலாயிற்று. அருகே மைதானத்தில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்த சிறுவர்களை நோக்கி, தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கெதிரே ஓடும்படி அவர் கூவினார். அவர்களும் ஓடினார்கள். வீழ்ச்சியின் வேகம் தணிந்தது, உயிர் தப்பிற்று.

செல்வர் ஹென்ரி டாய்ச் என்பவர் 1900-இல் ஒரு பரிசு அறிவித்தார். ஸேன் க்ளூ மைதானத்திலிருந்து புறப்பட்டு, ஐபெல் கோபுரத்தைச் சுற்றி, முப்பது நிமிஷத்திற்குள் மீள்பவருக்கு ஒரு லட்சம் பிராங்கு. 1901 ஜூலையில் டூமாண்ட் முயன்றபோது இஞ்சின் நின்று, ஒரு செல்வரின் தோட்டத்து மரங்களின்மீது கப்பல் சிக்கிக்கொண்டது. அண்டை மாளிகையில் வசித்தவர் பிரேஸிலிலிருந்து வெளியேற்றப்பட்ட இஸபெல் இளவரசி. 1888-இல் அந்நாட்டில் அடிமை முறையை ஒழித்த சட்டத்திற்குக் கையொப்பமிட்டவர். அவர் மரத்தின்மேலிருந்த தம் நாட்டு இளைஞருக்குப் பகலுணவு அனுப்பினார். ஆகஸ்டில் செய்த முயற்சியில் கப்பல் ஒரு ஹோட்டலின் கூரையில் மோதிச் சிதைந்தது. அக்டோபர் 19-ஆம் தேதி, 33 மீட்டர் நீளமுள்ள ஆறாவது கப்பலில் அவர் கோபுரத்தைச் சுற்றி மீண்டார்.

மைதானத்தின் எல்லையை வானில் கடந்தபோது 29 நிமிஷமும் 30 விநாடியும் ஆகியிருந்தன; கயிற்றை ஆட்கள் பற்றியபோதோ முப்பது நிமிஷம் கடந்து 40 விநாடி. மீள்தல் என்னும் சொல்லுக்கு வானில் எல்லையைக் கடப்பது பொருளா, தரையிற் பிடிபடுவது பொருளா? நியாய ஸ்தலத்தில் பல நாள் வாதிக்கத்தக்க கேள்விதான். ஜனத்திரள் அன்றே தீர்ப்பளித்துவிட்டது. பல நாள் தயங்கியபின் சங்கத்தாரும் அவருக்கே பரிசை அளித்தனர். அப்பணத்தில் அவர் தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளவில்லை. பாதியை, பாரிஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர்கள் அடகு வைத்திருந்த கருவிகளை மீட்டுக் கொடுக்கும்படி அளித்தார். மீதியைத் தம்மோடு உழைத்தவர்களுக்குப் பங்கிட்டார்.

பரிசுக்காகச் செய்த கப்பல் பெரியது. தம் மனத்திற்கு உகந்ததை அவர் 1903-இல் செய்தார். அது ஒன்பதாவது கப்பல். கொள்ளளவு 261 கன மீட்டர். இஞ்சின் மூன்றே குதிரைச் சக்தி. அதில் ஏறி, கூரைகளின் உயரத்தில் வீதிகளின் வழியே மெதுவாகச் சென்றார்; உணவு விடுதியின் முற்றத்தில் இறங்கி உண்டார்; நண்பர்களைக் காணப் போனார். மேலே நாம் கூறிய வீட்டு வாயிற் காட்சியும் இக்கப்பலைப் பற்றியதே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஐடா டி அகோஸ்டா என்னும் இளம்பெண்ணுக்குக் கற்பித்து, தனியே ஓட்டவும் விட்டார். யந்திர விசையுள்ள விமானத்தைத் தனித்து ஓட்டிய முதற் பெண் அவரே. இரு கைகளும் வேலையாயிருக்கையில் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க இயலவில்லையென்று டூமாண்ட் குறைப்பட, நகை வணிகர் லூயி கார்த்தியே 1904-இல் அவருக்கெனக் கைக்கடிகாரம் ஒன்று செய்து கொடுத்தார். ஆடவர் மணிக்கட்டில் கடிகாரம் கட்டும் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வினிய வரலாற்றின் நடுவே ஒரு நாளைக் குறிக்காமல் மேலே செல்ல நம்மால் இயலவில்லை. 1903 ஜூலை 14 பிரெஞ்சு மக்களின் தேசியத் திருநாள். சேனையின் அணிவகுப்பு நடந்த மைதானத்திற்கு டூமாண்ட் தம் சிறு கப்பலில் சென்று, குடியரசுத் தலைவரின் எதிரே வானில் நின்று, கைத்துப்பாக்கியால் இருபத்தொரு முறை வெற்றுவேட்டு முழக்கி மரியாதை செய்தார். அத்தோடு நில்லாமல், யுத்தம் நேருமாயின் தம் கப்பல்களைப் பிரெஞ்சு சர்க்காருக்குக் கொடுப்பதாக யுத்த மந்திரிக்கு எழுதினார். வட, தென் அமெரிக்க நாடுகளோடு செய்யும் யுத்தத்திற்கு மட்டும் அவை கிடைக்கா என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். அப்பொழுது அது ஒரு நன்றிக் கடனாகவே எல்லாருக்கும் தோன்றியது. அவருக்கும் அப்படியே தோன்றியது. வாகனத்தை ஆயுதசாலைக்கு வழிகாட்டி அனுப்பியவர்களில் தாமும் ஒருவர் என்பதை அவர் உணரப் பல ஆண்டு சென்றது.

இதற்குள், காற்றைவிடப் பாரமான விமானத்தைப் பறக்கவிட உலகம் முயன்றுகொண்டிருந்தது. 1906 அக்டோபர் 23-ஆம் தேதி பாரிஸ் அருகே பகதேல் மைதானத்தில் டூமாண்ட் தம் விமானத்தில் ஏறக்குறைய 60 மீட்டர் பறந்தார். நவம்பர் 12-ஆம் தேதி 220 மீட்டர். ஜனங்கள் சூழ்ந்திருக்க, அதிகாரிகள் அளந்து பதிவு செய்தது இது. ஆதலின் பிரேஸில் ஜனங்கள் இன்றும் அவரையே விமானத்தின் தந்தை என்பர். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் தேதியே பறந்துவிட்டனர். 1905-இல் 38 கிலோமீட்டர் வரையில் பறந்தனர். சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்ப்போர்க்கு முதன்மை ரைட் சகோதரர்களுடையது என்பதில் ஐயமிராது. ஆனால் அவர்கள் தங்கள் யந்திரத்தை 1908 வரையில் மறைவிலேயே காத்து, பேடண்டு உரிமையை முன்னிட்டு வழக்குகள் தொடுத்தனர். டூமாண்ட் தம் விமானம் எதற்கும் பேடண்டு கோரவில்லை. யார் முந்தியவர் என்னும் வழக்கைவிட, அறிந்ததை என்ன செய்தனர் என்னும் இவ்வேற்றுமையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1907 நவம்பரில் தொடங்கி 1909-இல் அவர் முற்றுவித்த சிறு விமானத்திற்குத் தெமுவாஸெல் என்று பெயர். இளநங்கை என்றும் ஊசித்தட்டான் என்றும் அதற்குப் பொருள். உடல் மூங்கில், சிறகு பட்டு, சிறகின் அகலம் ஐந்தரை மீட்டருக்கு மேற்படாது, எடை நூறு கிலோவுக்குச் சற்று அதிகம். இஞ்சின் தலைக்குமேல், ஓட்டுபவர் சக்கரங்களுக்கிடையே தாழ உட்காருவார். 1909 செப்டம்பரில் அவர் இதிலேறி, ஸேன் ஸிர் என்னுமிடத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூக்கிற்கு ஐந்து நிமிஷத்தில் சென்றார். வேறொரு நாள் ஒரு மாளிகையின் புல்வெளியில் திடீரென இறங்கி விருந்தினரானார். ஒருவர் தம் வீட்டிலிருந்து நண்பர் வீட்டிற்குச் செல்லத்தக்க சிறு விமானம் உலகிற்குக் கிடைத்துவிட்டது. அதன் அமைப்பை எவரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று அவர் பொதுவில் விட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை அதன் வரைபடங்களை விவரமாக வெளியிட்டது. பாரிஸில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலை 7,500 பிராங்கு விலையில் அதனைச் செய்து விற்கத் தொடங்கி, ஏறக்குறைய ஐம்பது செய்தது.

எனினும் விற்றவை சிலவே. டூமாண்ட் குட்டையான, மெல்லிய உடலினர். கனத்த உடலினரைத் தாங்க அச்சிறகு போதவில்லை. அவருடைய கைப்பழக்கமும் பிறர்க்கு இல்லை. இக்குறை ஒரு விமானத்தின் குறை மட்டுமன்று. பின்னாளில் 1946-இல், யுத்தம் முடிந்த உற்சாகத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகள் 30,000-க்கு மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்து குவித்தன; வீட்டுக்கொரு விமானம் வந்துவிடும் என்று நம்பினர். மறு ஆண்டே அத்தொகை பாதிக்குக் கீழ் இறங்கியது. விமானம் வாங்கியவன் மைதானத்தைத் தேடி மோட்டாரில் போக வேண்டியிருந்தது. மழையும் மூடுபனியும் வந்தால் அவன் பிரயாணம் நின்றது. பழகுவதற்கும் பாதுகாப்பதற்கும் பணமும் பொழுதும் ஏராளமாகத் தேவைப்பட்டன. சாலையற்ற அலாஸ்காவிலும், ஆஸ்திரேலியாவின் பரந்த மேய்ச்சல் நிலங்களிலுமே சிறு விமானம் அன்றாட வாகனமாக நிலைத்தது. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் விருப்பமுடையோரின் விளையாட்டாக நின்றது.

1910 ஜனவரியில் பறக்கையில் ஒரு கம்பி அறுந்து, டூமாண்ட் விமானத்தோடு கீழே விழுந்தார். உயிர் பிழைத்தாரெனினும், அவ்வாண்டிலேயே நரம்பு நோய் அவரைப் பற்றியது. முப்பத்தேழாம் வயதில் பட்டறையை மூடிவிட்டு, கடற்கரை ஊரொன்றில் வீடு கொண்டு, தொலைநோக்குக் கண்ணாடியால் நட்சத்திரங்களைப் பார்த்துக் காலம் கழித்தார். 1914-இல் மகாயுத்தம் மூண்டது. அயலார் அவர் கண்ணாடியைக் கண்டு, ஜெர்மானியரின் ஒற்றர் என்று ஐயுற்றனர். சேனைப் போலீஸார் வீட்டைச் சோதனையிட்டனர். எந்தப் பிரெஞ்சு நாட்டுக்குத் தம் கப்பல்களைக் கொடுக்க முன்வந்தாரோ அந்நாடே தம்மை ஐயுற்றதைப் பொறாது, அவர் தம் கடிதங்களையும் வரைபடங்களையும் தீக்கு இரையாக்கினார். அதிகாரிகள் பின்னர் மன்னிப்புக் கேட்டனர். எரிந்த காகிதங்கள் திரும்பவில்லை.

அந்த யுத்தத்தில் விமானம் கொலைக் கருவியாயிற்று. தெமுவாஸெல்லில் பறக்கப் பழகியவர்களுள் ரோலான் காரோஸ் என்னும் வீரர் ஒருவர். சுழலும் விசிறியினூடே யந்திரத் துப்பாக்கியால் சுட்டு எதிரி விமானத்தை வீழ்த்தும் முறையை 1915 ஏப்ரலில் நடத்திக் காட்டியவர் அவரே. 1918 அக்டோபரில் அவரும் வானப் போரில் மடிந்தார். நண்பர் வீட்டுப் புல்வெளியில் இறங்குவதற்கென்று ஒருவர் செய்த யந்திரத்தில் கற்ற வித்தை, எட்டாண்டிற்குள் இவ்விடத்திற்கு வந்துசேர்ந்தது.

டூமாண்ட் தாய்நாடு திரும்பி, 1918-இல் பெட்ரோபோலிஸ் மலைநகரில் சிறு வீடொன்று கட்டினார். அது இன்று காட்சிசாலையாக விளங்குகிறது. ஆனால் மனம் அமைதி பெறவில்லை. 1926-இல், விமானத்தை யுத்தத்தில் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு சர்வதேச சங்கத்திற்கு விண்ணப்பம் செய்தார். இக்கொள்கையை விளக்கிச் சிறந்த கட்டுரை எழுதுவோர்க்குப் பரிசளிக்கவும் முன்வந்தார். தடை எதுவும் பிறக்கவில்லை. 1928 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து அவர் கப்பலில் ரியோ துறைமுகத்தை அணுகினார். அவரை வரவேற்க அவர் பெயரையே தாங்கிய கடல்விமானம் ஒன்று அறிஞர் பலருடன் எழும்பிற்று. அவர் கண்ணெதிரே அது கடலில் வீழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. வரவேற்பு விழாக்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் இறந்தோரின் இறுதிச் சடங்குகளுக்குச் சென்றார்.

1932 ஜூலையில் ஸாவோ பாவ்லோ மாகாணம் மத்திய சர்க்காருக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தது. சர்க்கார் விமானங்கள் சொந்த நாட்டு மக்கள்மீது குண்டு வீசின. அம்மாகாணத்துக் குவாருஜாக் கடற்கரையில் நோயுற்றுத் தங்கியிருந்த டூமாண்ட், உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொல்லலாகாதென்று தம் நாட்டாரை வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் பயன் தரவில்லை. அம்மாதம் 23-ஆம் தேதி, ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாள் கழிந்த மூன்றாம் நாள், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதிகாரிகள் அவ்வுண்மையை மறைத்து, இருதயம் நின்றதால் மரணம் என்று எழுதினர். பிறந்த ஊருக்கும் ரியோ நகரத்து விமான நிலையம் ஒன்றுக்கும் இன்று அவர் பெயர்.

அவர் செய்த குற்றந்தான் யாது? 1903-இல் யுத்த மந்திரிக்கு எழுதிய கடிதத்தை நாம் மறைக்கவில்லை, அது பிழையே. அப்பிழையை அவர் தாமே உணர்ந்து, இருபத்துமூன்று ஆண்டு கழித்து, உலகத்தின் முன்னிலையில் தடை கோரி நின்றார். இதற்குமேல் ஒரு தனி மனிதர் செய்யத்தக்கது யாது? அவர் தம் அறிவை எல்லார்க்கும் தானமாக வழங்கினார். தான சாசனத்தில் நிபந்தனை எழுதலாம். அந்நிபந்தனையை நிறைவேற்ற ஒரு நியாய ஸ்தலம் வேண்டும். நாடுகளுக்கிடையே அத்தகைய நியாய ஸ்தலம் அன்று வலிமை பெறவில்லை. இன்றும் பெற்றுவிட்டதென்று சொல்வதற்கில்லை. அதனைப் படைப்பது பட்டறையிலிருப்போரின் வேலையன்று. சட்டம் இயற்றுவோரும், அவர்களைத் தேர்ந்தெடுப்போரும், பொதுஜன அபிப்பிராயத்தை உருவாக்குவோரும் செய்ய வேண்டிய வேலை. அவ்வேலையை அவர்கள் செய்யாமையால் வந்த பழியை அவர் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

பாரிஸ் வீதியில் அவர் வாயிலில் நின்ற கப்பலால் ஒருவருக்கும் தீங்கு விளையவில்லை. குழந்தைகள் அதனைச் சுற்றி நின்று களித்தார்கள். அதன் பின்வந்தவற்றைக் கொண்டு நகரங்களின்மீது குண்டு வீசும்படி உத்தரவிட்டோர் பலர். அவர்களுள் எத்தனைபேர் உறக்கமிழந்தனர் என்பதை வாசகர்கள் சிந்தித்துப் பார்க்கட்டும். விளையாட்டாகவும் வாகனமாகவும் விமானத்தைச் செய்தவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் தாமே ஏறி நின்று, தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொண்டார். அத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை.